ஆறில்லாத நாட்டின் லஸ்கர்

எங்கள் வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் வரப்பில் நிறுத்தி, மால்டா நாட்டின் தேசியப் பறவை எது என்று கேட்டுப் பாருங்கள். நீலப் பூங்குருவி என்று நின்ற இடத்திலேயே பதில் வரும். இந்தியாவின் தேசியப் பறவையைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயிகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒரே ஒரு மனிதர். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. மாதா மாதம் சம்பளப் பட்டியலில் அதை எழுதுகிற நானே மறந்துவிடுவேன். எல்லாருக்கும் அவர் மால்டா. எனக்கு மால்டாண்ணன்.

அவர் ஒரு லஸ்கர். கப்பல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மதகடியில் இருந்துகொண்டு, மேலே இருந்து உத்தரவு வருகிற அளவுக்கு ஷட்டரை ஏற்றி இறக்குகிறவருக்கு எங்கள் இலாகாவில் அந்தப் பெயர். நான் அதே இலாகாவின் பிரிவு அலுவலகத்தில் உதவியாளர். மதகிலிருந்து ஆபீஸ் கூப்பிடு தூரம். ஷட்டரில் வேலை இல்லாத நேரமெல்லாம் என் மேஜைக்கு எதிரிலிருந்த நாற்காலியில்தான் அவர் இருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, ரயில்ல போறதுக்கு விசா எதுக்கு?"

"எந்த ரயிலுக்குண்ணே?"

"மால்டா ரயிலுக்கு."

விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா நர்ஸ் படித்தவள். மால்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று வீட்டில் கேட்டிருக்கிறாள். வங்காளத்தில் மால்டா என்று ஒரு ஊர் உண்டு. ராணுவத்தில் இருந்த அவருடைய மைத்துனர் எப்போதோ அங்கிருந்து ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்திருந்தார். இவர் அந்த மாம்பழத்தை நினைத்துக்கொண்டு, "நல்ல ஊரு பாப்பா, போயிட்டு வா" என்று தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டார். அப்பா இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே என்று அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாம். ரெண்டு நாள் ரயில் பயணத்துக்கு எதற்கு இத்தனை அழுகை என்று இவர் யோசித்தாராம்.

நான் போனில் வரைபடத்தை விரித்தேன். பூட்ஸ் போட்ட கால் மாதிரி இத்தாலி. அது எட்டி உதைத்த கல் மாதிரி ஒரு தீவு. அதற்கும் கீழே விரலை வைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கட்டைவிரலால் திரையைத் துடைத்தார்.

"தூசி தம்பி."

"தூசி இல்லண்ணே. நாடு."

மறுபடி துடைத்தார். அது போகவில்லை. பிறகு, "வாக்குக் குடுத்துட்டேனே" என்றார்.

கொடுத்த வாக்கை அவர் மாற்றவில்லை. திருச்சி விமான நிலையத்தில் மகளை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த அன்றே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். மேலே 'மால்டா' என்று எழுதி, மூலையில் ஒரு சிலுவையும் போட்டார். அவர்கள் வேதக்காரக் குடும்பம். எதை எழுதத் தொடங்கினாலும் சிலுவை போடுவார், சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதுகூட.

முதல் பக்கத்தில் கொடி. இடது பாதி வெள்ளை, வலது பாதி சிவப்பு, வெள்ளையின் மேல்மூலையில் ஒரு சிலுவைப் பதக்கம். உலக யுத்தத்தில் குண்டு மழையைத் தாங்கியதற்காக இங்கிலாந்து ராஜா அந்தத் தீவுக்கே கொடுத்த மெடல் அது என்று நான் படித்துச் சொன்னேன்.

"ஆளுக்கு மெடல் குடுப்பாங்க. ஊருக்கே குடுத்தாங்களா?"

"ஆமாண்ணே."

"அப்ப நம்ம புள்ளை பயப்படாது" என்று எழுதிக்கொண்டார்.

தீவின் அளவைச் சொன்னபோது, "தஞ்சாவூர்ல பஸ் ஏறி ஒரத்தநாட்டுல இறங்க மறந்துட்டா, கடல்ல விழுந்துடுவோம் போல" என்றார். தலைநகரம் வாலெட்டா. அவர்கள் பேசுகிற பாஷை அரபிக்குச் சொந்தம், எழுதுவது இங்கிலீஷ் எழுத்து. அவர்களும் வேதக்காரர்கள்தான், ஆனால் பூசையில் கடவுளை அல்லா என்றே கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த நாட்டில் ஆறு கிடையாது.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. கடல் தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் குடிக்கிறாங்க."

"அப்ப ஷட்டர்?"

"இல்ல."

"லஸ்கர்?"

"ஆறே இல்லங்கறேன், லஸ்கர் எதுக்குண்ணே?"

அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். அண்ணி என்றால் அவர் மனைவி லூர்துமேரி. "அங்க பொறந்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. இங்க பொறந்தே என்ன ஆயிட்டாராம்?" என்று அண்ணி கேட்டதை, அவரே பெருமையாக வந்து என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பாசனப் பகுதிக்குச் சோதனை வந்தது. எங்கள் ஷட்டர் கையால் சுற்றுகிற பழைய காலத்துப் பல்சக்கரம். முழுசாக ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். முறைத் தண்ணீருக்கு வந்து நிற்கிற விவசாயி அதுவரை அங்கேயே நிற்பார். மால்டாண்ணன் சுற்றிக்கொண்டே பாடம் நடத்துவார். சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேள்வியும் கேட்பார். பதில் தெரியாவிட்டால் சுற்றுகிற கை தானாகவே மெதுவாகிவிடும் என்று ஒரு பேச்சு பரவியது. அதனால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கேட்டு வருகிறவர்கள் வழியிலேயே வாலெட்டா, வாலெட்டா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

விவசாய சங்கத்திலிருந்து புகார் வந்துவிட்டது. அதை நான்தான் பதிவு செய்தேன். 'நாற்று காய்கிறது. தண்ணீர் கேட்டுப் போனால், ஆறே இல்லாமல் ஒரு நாடு நன்றாக இருப்பதாக லஸ்கர் சொல்கிறார். இதன் உள்நோக்கம் என்ன என்று விசாரிக்க வேண்டுகிறோம்.' விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. விளக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன். 'மேற்படி விவசாயி ஷட்டர் ஏறும்வரை போகவும் மாட்டார், சும்மா நிற்கவும் மாட்டார். ஆகவே பொது அறிவு சொன்னேன். மேற்படி நாட்டில் ஆறு இல்லாததற்கு நான் பொறுப்பல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

எங்கள் உதவிப் பொறியாளர் மேடம் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு, "சரி, ஆறு இல்லாம மழைத்தண்ணிய என்னதான் பண்றாங்க?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அன்று மத்தியானச் சாப்பாட்டை மேடம் நாலு மணிக்குத்தான் சாப்பிட்டார்.

அந்த நாட்டுக்கு ஐந்து தேசிய தினங்கள் என்று தெரிந்ததும் ஐந்துக்கும் லீவு எழுதிக்கொண்டு வந்தார். நான் முடியாது என்றேன். "சரி, சுதந்திர தினத்தை மட்டும் குடுங்க தம்பி. மத்த நாலையும் விட்டுத் தர்றேன்" என்று பேரத்துக்கு இறங்கினார். கையில் இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டார். மணி கேட்டால், "எந்த ஊரு மணி?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மகளோடு வீடியோவில் பேசுவார்கள். அண்ணி, சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்பதற்குள் இவர் போனை வாங்கி, அந்த ஊர்ப் பாறையிலே பூக்கிற தேசியச் செடியைப் பார்த்தாயா என்பார். "அப்பா, நான் ரூமுக்கும் வேலைக்கும்தான்பா போயிட்டு வர்றேன்" என்று அந்தப் பெண் சிரிக்கும். அடுத்த வாரம் அவருக்காகவே எங்கேயாவது போய் ஒரு படம் எடுத்து அனுப்பும்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் அண்ணிக்கு வயிற்றுவலி வந்தது. தஞ்சாவூரில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள். கட்டி. பரவியிருந்தது.

அன்று ஆபீசுக்கு வந்தவர் உட்காரவில்லை. "யாருக்கும் தெரிய வேண்டாம் தம்பி" என்றார். "பாப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு லூர்து சத்தியம் வாங்கிட்டா. இப்ப ஓடி வந்தா வேலை போயிடும், நான் தேறினப்புறம் சொல்லிக்கலாங்கறா."

"தேறுவாங்களாண்ணே?"

அவர் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கேள்விகள் அதிகமாயின. அண்ணிக்கு முடி கொட்டி, முகம் சுருங்கிப்போயிருந்தது. முக்காடு போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிஷம் உட்காருவார். "நல்லா இருக்கேன் பாப்பா" என்பார். உடனே இவர் போனை வாங்கிக்கொள்வார். ஒருமுறை மதகின் மேல் நின்று பேசியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் தன் குரல் உடைவது கேட்காது என்றுதான் அங்கே வந்திருந்தார்.

"அம்மா எங்கப்பா?"

"கோயிலுக்குப் போயிருக்கா. ஏம்மா, அங்க தேசிய நாய்கூட இருக்காமே?"

"அம்மாகிட்ட குடுங்கப்பா. பேசியே ரொம்ப நாளாச்சு."

"சந்தோஷம் வந்தா அந்த நாய்க்கு மூக்கும் காதும் சிவந்துடுமாம். பார்த்திருக்கியா நீ?"

போனை அணைத்துவிட்டு, ஷட்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று ஏற்றவும் வேண்டியதில்லை, இறக்கவும் வேண்டியதில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் என் போனுக்கே கூப்பிட்டது. "அங்கிள், அம்மா நல்லாத்தானே இருக்காங்க? நீங்க சொன்னா நம்புவேன்." எதிர் நாற்காலியில் மால்டாண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "நல்லா இருக்காங்கம்மா. வெயில்ல கொஞ்சம் இளைச்சிருக்காங்க, அவ்வளவுதான்" என்றேன். உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிற பதில்களை எழுதித்தான் இத்தனை வருஷம் இந்த ஆபீசில் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்தப் பதில் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்து சேர்ந்த வாரம் அண்ணி போய்விட்டார். அன்று காலையில்தான் ஜெசிந்தாவுக்குச் சொன்னோம். மூன்றாம் நாள்தான் வந்து சேர முடியும், அதுவரை வைத்திருங்கள் என்று அழுதது. உறவுக்காரர்கள் கூடிப் பேசி, முடியாது என்றார்கள். ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய மனிதர் அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்றார்.

கல்லறைத் தோட்டத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். குழிக்குள் பெட்டி இறங்குவதை அந்தப் பெண் அந்தச் சின்னத் திரையில் பார்த்தது. எல்லாரும் மண் போட்டு முடித்த பிறகு, அப்பாவிடம் கொடுங்கள் என்றது. அவர் கையெல்லாம் மண்ணாக இருந்ததால் நானே அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அதனால் அது சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டது.

"தெரியாதவங்க அம்மாவையெல்லாம் நான் இங்க குளிப்பாட்டி விடுறேம்பா. எங்கம்மாவுக்கு ஒரு நாள் செய்ய விடலை நீங்க. அம்மா எங்கன்னு கேட்டப்பல்லாம் கொடியப் பத்திக் கேட்டீங்க. நாயப் பத்திக் கேட்டீங்க. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

பண்ணினார். எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்கவில்லை. அவர் நம்பரை அந்தப் பெண் நிறுத்திவைத்துவிட்டது என்று எங்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. என் நம்பரை நிறுத்தவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை.

இத்தோடு மால்டா பேச்சு ஓய்ந்துவிடும் என்று நினைத்தோம். ஓயவில்லை. மதகில் பாடம் நடந்தது. நோட்டு எழுதப்பட்டது. ஆபீசில் சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. "பொண்ணு பேச மாட்டேங்குது, இவருக்கு மட்டும் அந்த நாட்டுப் பெருமை குறையல" என்றார்கள். மறைப்பானேன், நானும் ஒரு நாள் அப்படித்தான் கேட்டேன்.

"இன்னும் எதுக்குண்ணே இதெல்லாம்?"

அவர் கோபப்படவில்லை. "அவ எந்த ரூம்ல இருக்கா, யாரு கூட இருக்கா, என்ன சாப்பிடுறா, எதுவும் எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "அந்த ஊர்ல இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்னு தெரியும். அவ ஜன்னலைத் திறந்தா அந்தக் காத்துதானே வரும். அதையும் தெரிஞ்சுக்காம விட்டா, அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?"

நோட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஷட்டரைப் பார்க்கப் போனார். அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. முன்பக்கங்களில் கொடி, பறவை, செடி. அண்ணி இறந்த மாதத்திலிருந்து வேறு மாதிரி இருந்தது. தேதி போட்டு, ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தார். 'இன்று அங்கே மழை. காலை டூட்டியாக இருந்தால் நனைந்திருப்பாள்.' 'இன்று அவர்கள் சுதந்திர தினம். இவளுக்கு லீவு கிடைத்திருக்காது. வயசானவர்களுக்கு ஏது லீவு.' 'இன்று கடும் வெயில். தலைவலி வரும் அவளுக்கு. லூர்துக்கும் வரும்.'

இருபது பக்கங்களைப் போனில் படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். கீழே, 'நானும் பொய் சொன்னேன். மன்னித்துவிடு அம்மா' என்று எழுதினேன். பார்த்துவிட்டதற்கான நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. மாதங்கள் போயின. அவரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை.

அடுத்த வருஷம் நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் என் போன் அடித்தது. "அங்கிள், திருச்சியில இறங்கிட்டேன். அப்பாகிட்ட சொல்லாதீங்க. நேரா அம்மாகிட்ட வர்றேன்."

அந்தத் தடவையும் மறைக்கச் சொன்னார்கள், மறைத்தேன். மால்டாண்ணன் மழையில் நனைந்தபடி கல்லறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மகள் வந்து பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை. குடையோடு நான் நாலடி தள்ளி நின்றேன். அவர் திரும்பிப் பார்த்த பிறகு, கல்லறைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். பிறகு அந்தப் பெண் கேட்டது.

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க, சரி. நீங்க ஏம்பா சொல்லலை?"

அவர் வெள்ளை அடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து எடுத்தார்.

"உன்னை வரச் சொன்னா, அவ போயிடப் போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு பயந்துட்டேன் பாப்பா."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த மட்டையை வாங்கி, மீதிச் சுண்ணாம்பைத் தானே அடித்தது. மழையில் அது ஒட்டவே இல்லை. இருந்தாலும் நாலு பக்கமும் அடித்து முடித்தது.

அதற்கு அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். மகள் டிக்கெட் எடுத்து அனுப்ப, மூன்று வாரம் மால்டாவுக்குப் போய் வந்தார். எங்கள் பாசனப் பகுதியே காத்திருந்தது. ஊர் திரும்பிய மறுநாள் ஆபீசுக்கு வந்தபோது, மேடம் உட்படச் சுற்றி நின்றுகொண்டோம்.

"கொடியப் பார்த்தீங்களாண்ணே?"

"இருந்திருக்கும்."

"குருவி?"

"மேல பார்க்கலை தம்பி."

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நானும் அவரும் மட்டும் இருந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார். "மாடிப்படி ஏறினா முட்டி வலிக்குது அவளுக்கு. அங்க லிப்ட் இல்ல. காப்பிக்குச் சர்க்கரையை விட்டுட்டா. லூர்து மாதிரியே தூக்கத்துல பேசுறா. ஒரு கிழவி இவ ஊட்டினாத்தான் சாப்பிடுதாம், அதுக்குக் கண்ணு தெரியாது. இவ பேரைச் சொல்ல வராம, ஜிந்தா ஜிந்தான்னு கூப்பிடுது. ரோட்டுல என்னமா வேகமா நடக்கிறாங்கறீங்க. நான் அவ முதுகைப் பார்த்துக்கிட்டே பின்னாடி போனேன்."

"அங்கேயே இருந்திருக்கலாமேண்ணே. அவ சொல்லலையா?"

"சொன்னா. அழுதா. லூர்து இங்க இருக்காளே. இதையெல்லாம் அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கல்லறைக்குத்தான் போறேன் தம்பி. அங்க பேச ஆரம்பிச்சா நடுவுல அழுகை வந்துடுது. அதான் உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோரமாகப் போனார். எதிர் நாற்காலியில் அன்று சாயங்காலம்வரை நான் யாரையும் உட்கார விடவில்லை.